கொழும்பில ஐசியோட வாழ்ந்த காலம்: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் 1997இல யாழ்ப்பாணத்தில இருந்து கப்பல்ல திருகோணமலைக்கு வந்து அங்கயிருந்து பஸ் பிடிச்சு கொழும்புக்கு வந்தனான். அப்ப வயசு 19, கணக்கியல் படிக்கத்தான் வந்தது. அண்டையில இருந்து சண்டை முடியுமட்டும் வெள்ளவத்தைதான். இப்ப எங்கட வீட்டுப் பிள்ளையள், வெளிநாட்டில பிறந்த மருமக்கள், 2009க்குப் பிறகு கொழும்புக்கு வந்த பொடியள் எண்டு எல்லாரும், சண்டைக் காலத்தில தமிழாக்கள் கொழும்பில ஐசியும் (அடையாள அட்டையும்) பொலிஸ் பதிவும் எண்டு இருந்ததைப் பற்றி ஒரே கேள்வியளைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா சொல்லிக் கொண்டிருக்க ஏலாது, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன்.

மாமி, ஐசி ஐசி எண்டு எல்லாரும் ஏன் அதையே கதைக்கிறீங்கள்? அது எல்லா நாட்டிலயும் இருக்கிறதுதானே?

தேசிய அடையாள அட்டையைத்தான் ஐசி எண்டுறம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தோட வந்தது, எங்கட காலத்தில 16 வயசில எடுக்கோணும், இப்ப 15. பழைய ஐசி லேமினேட் பண்ணின சின்ன அட்டை. நம்பரில முதல் ரெண்டும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும்.

பிரச்சினை நம்பரில இல்லை, எழுத்தில. அந்தக் காலத்தில தெற்கில எடுத்த ஐசி சிங்களத்தில மட்டும் இருந்தது. வடக்கு கிழக்கில எடுத்ததில சிங்களமும் தமிழும் இருந்தது. அதால அட்டையை நீட்டினவுடன, பேரை வாசிக்க முந்தியே, எங்கயிருந்து வந்த ஆள் எண்டு தெரிஞ்சிடும். கொழும்பில பிறந்து வளந்த தமிழாக்களுக்கு வேற மாதிரிக் கஸ்டம், தங்கட சொந்தப் பேர் தங்களுக்கே வாசிக்கத் தெரியாத எழுத்தில இருந்தது.

பின்பக்கத்தில பிறந்த இடம் இருக்கும். விலாசத்தை மாத்தலாம், பிறந்த இடத்தை மாத்தேலாது. வெள்ளவத்தையில பத்து வருசம் இருந்து கொழும்பு விலாசத்தில புது ஐசி எடுத்த ஆக்களைக்கூட, திருப்பிப் பாத்திட்டு யாழ்ப்பாணம் எண்டு கண்டவுடன ஒரு பக்கமா நிப்பாட்டினதை நான் எத்தினையோ தரம் பாத்திருக்கிறன்.

செக்பொயின்டில உண்மையில என்னதான் நடக்கும்?

பஸ் நிக்கும். ஆமிக்காரர் ஒருத்தர் ஏறி "ஒக்கோம பஹின்ன" எண்டுவார், எல்லாரும் இறங்கு எண்டு அர்த்தம். எல்லாரும் பையோட இறங்கி வரிசையா நடந்து போய் ஐசியைக் காட்டோணும், சிங்கள ஆக்கள் காட்டிக் காட்டி அங்கால போய் பஸ்ஸில ஏறிடுவினம், நாங்கள் ரெண்டு மூண்டு பேர் ஓரத்தில நிப்பம். டிரைவர் அக்சிலேட்டரை அமத்திக் கொண்டிருப்பார், உள்ளுக்க இருக்கிற ஆக்கள் யன்னலால பாப்பினம். அந்தப் பார்வைதான் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல. கோவமான பார்வை எண்டில்லை, இவை ஏதோ செய்திருப்பினம் போல எண்ட மாதிரி. சில நேரம் பஸ் விட்டிட்டுப் போயிடும், காசு குடுத்த ரிக்கெட் கையில இருக்கும்.

கேள்வி எப்பவும் ரெண்டுதான். "கம கொஹேத?" ஊர் எது. அடுத்தது "மொகட்டத ஆவே?" எதுக்கு வந்தனீ.

முதல் கேள்விக்கு மறுமொழி ஐசியிலயே இருக்கு. ரெண்டாவதுதான் ஆக்களை உடைச்சது. ஏன் எண்டா கொழும்பில இருக்கிற மற்ற ஆரிட்டயும் அதைக் கேக்கிறேல்ல, மாத்தறையில இருந்து வந்த பொடியனுக்குக் கொழும்பில இருக்கிறதுக்குக் காரணம் தேவையில்லை. எங்களுக்குக் காரணமும் வேணும், அந்தக் காரணத்துக்குத் துண்டும் வேணும். படிப்பு எண்டா கிளாஸில இருந்து கடிதம், வேலை எண்டா கொம்பனிக் கடிதம், வருத்தம் எண்டா கிளினிக் கொப்பி, வெளிநாடு எண்டா பாஸ்போட். கடைக்குப் பால்மா வாங்கப் போறதுக்குக் கடிதம் ஆர் தருவினம்? அதால பின்னேரம் ஆறுக்குப் பிறகு வெளிக்கிடாமல் விட்டம்.

பொலிஸ் பதிவு எண்டது என்ன?

நீங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரர் ஒரு போமில வீட்டில இருக்கிற எல்லாற்ர பேர், ஐசி நம்பர், நிரந்தர விலாசம், வந்த திகதி, வந்த காரணம் எல்லாம் நிரப்பி பொலிஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் சீல் வாங்கோணும். அதின்ர கொப்பி எங்கட கையில எப்பவும் இருக்கோணும். ஊரில இருந்து அம்மா ரெண்டு கிழமைக்கு வந்தாலும் பதியோணும், போறதைச் சொல்லோணும்.

சட்டத்தில இது ஆருக்கும் பொதுவானது. அவசரகால விதிகளில, வீட்டில இருக்கிற ஆக்களின்ர விபரம் கேக்கிற அதிகாரம் இருந்தது, பேந்து பழைய பொலிஸ் கட்டளைச் சட்டத்திலயும் அப்பிடி ஒரு பிரிவு இருக்கு. எந்த எழுத்திலயும் "தமிழர்" எண்டு இல்லை. நடைமுறையில வரிசையில நிண்டது நாங்கள். நான் பதிய வரிசையில நிண்ட அத்தினை தரமும் எனக்கு முன்னால பின்னால தமிழ் கதைக்கிற சத்தத்தைத் தவிர வேற ஒண்டும் கேட்டதில்லை. (போம் பெரும்பாலும் சிங்களத்தில, தமிழும் அரச கரும மொழி எண்டு 1987இலயே 13ஆவது திருத்தத்தில எழுதியாச்சு.)

இதால வந்த பெரிய கரைச்சல் வீடு கிடைக்கிறதுதான். பொலிஸுக்குப் போக விருப்பமில்லாத வீட்டுக்காரர் "ஊராக்களுக்கு அறை இல்லை" எண்டிடுவினம், அதில தமிழ் வீட்டுக்காரரும் அடக்கம். நான் அவையைக் குறை சொல்லேல்ல, இரவு ரெண்டு மணிக்குக் கதவில தட்டினா முதல்ல கூப்பிடுறது வீட்டுக்காரரைத்தான்.

இரவில சுற்றிவளைப்பு எண்டு அம்மம்மா சொல்லுவா, அது எப்பிடி?

ஒழுங்கையின்ர ரெண்டு பக்கமும் மறிச்சுப் போட்டு வீடு வீடா வருவினம். முதல்ல நாயள் குலைக்கும், பிறகு சப்பாத்துச் சத்தம், பிறகு பக்கத்து வீட்டு கேற்.

2006 கடைசியில ஒருநாள், என்ர தம்பி ஊரில இருந்து வந்து நாலு நாள். போம் குடுத்தாச்சு, ஆனா சீல் வச்ச கொப்பி வரேல்ல, "ஓஐசி (ஸ்டேசன் பொறுப்பதிகாரி) இல்லை, திங்கக்கிழமை வாங்கோ" எண்டு சொல்லி விட்டவை. அண்டைக்குச் சனிக்கிழமை இரவு. தம்பி சாரத்தோட வந்து கதவைத் திறந்தான். நான் சிங்களத்தில சொல்லிப் பாத்தன், போம் குடுத்தது எண்டு, திங்கக்கிழமை வரச் சொன்னது எண்டு. வந்தவர் என்னோட மரியாதையாத்தான் கதைச்சவர், "நங்கி, பயப்பிடாதேங்கோ, விசாரிச்சிட்டு விடுவம்" எண்டவர், நங்கி எண்டா தங்கச்சி. தம்பி காற்சட்டை மாத்தேக்க கை நடுங்கி பெல்ட்டைப் போடேலாமல் நிண்டான், நான்தான் பூட்டி விட்டனான், 22 வயசுப் பொடியனுக்கு.

ரெண்டு இரவு வச்சிருந்தவை. அடிக்கேல்ல. ஆனா அவன் எழுதிக் குடுத்த வாக்குமூலம் எண்டு அவனிட்டக் கையெழுத்து வாங்கினது முழுக்கச் சிங்களத்தில, அதில என்ன இருந்தது எண்டு அவனுக்குத் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. இதை ஏன் பெரிசாச் சொல்லுறன் எண்டா, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதுக்கு மேலயோ உள்ள ஒருத்தருக்குக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில சாட்சியா எடுக்கலாம், சாதாரண சட்டத்தில அப்பிடி ஏலாது. சிங்களம் தெரியாமல் கையெழுத்து வச்சு வருசக்கணக்கா உள்ள இருந்த ஆக்களின்ர கதையள் எல்லாருக்கும் தெரியும், அதால அந்த ரெண்டு நாளும் நாங்கள் சாப்பிடேல்ல. தம்பி அடுத்த வருசம் வெளிநாட்டுக்குப் போயிட்டான். திரும்பி வரேல்ல.

2007இல தமிழரைக் கொழும்பை விட்டுக் கலைச்சது எண்டு சொல்லுறது உண்மையோ?

உண்மை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கமெல்லாம் லொட்ஜுகளுக்குப் பொலிஸ் வந்து, கொழும்பில நிக்க சரியான காரணம் இல்லை எண்டு சொல்லி ஆக்களை பஸ்ஸில ஏத்தினவை. 376 பேர் எண்டு அப்ப வெளியில வந்த கணக்கு. அதில பெரும்பாலான ஆக்களை வவுனியாவுக்குக் கொண்டுபோனவை.

லொட்ஜில ஆர் நிண்டது எண்டு விளங்கோணும். ஏ9 பாதையை 2006 ஓகஸ்டில பூட்டினது, யாழ்ப்பாணத்தில இருந்து வாறதே பெரும்பாடு. பாஸ்போட் எடுக்க, விசா இன்ரவியூவுக்கு, கண் ஒப்பரேசனுக்கு, வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு ஒரு கோல் எடுக்க வந்த ஆக்கள்தான் அங்க. வயசான ஆக்கள், கைக்குழந்தையோட தாய்மார்.

அடுத்த நாளே, ஜூன் 8, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. சில நாளில பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவும் வருத்தம் தெரிவிச்சவர். ஒரு பகுதி ஆக்களைத் திரும்பக் கொண்டந்தவை. ஆனா "சரியான காரணம் இல்லை" எண்ட சொல் காதில நிண்டிட்டுது. அரசியலமைப்பில 14(1)(எச்) எண்டு ஒரு உறுப்புரை இருக்கு, ஒவ்வொரு பிரஜைக்கும் நாட்டுக்குள்ள நடமாடவும் விரும்பின இடத்தில இருக்கவும் உரிமை எண்டு. அதை நான் அந்தக் கிழமைதான் முதல் முதல் வாசிச்சனான், 29 வயசில.

அதுக்குப் பிறகும் நடந்ததோ?

ஓம். 2007 நவம்பர் 28 நுகேகொடையில குண்டு வெடிச்சு, டிசம்பர் தொடக்கத்தில கொழும்பிலயும் சுத்துவட்டாரத்திலயும் ஆயிரத்துக்கும் மேல தமிழரைப் பிடிச்சவை, நூற்றுக்கணக்கான ஆக்களை பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பினவை. 2008 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, கடைசி அஞ்சு வருசத்துக்குள்ள வடக்கில இருந்து மேல் மாகாணத்துக்கு வந்த எல்லாரும் வந்து பதியோணும் எண்டு அறிவிச்சவை, ஒக்டோபரில கிழக்கு ஆக்களுக்கும். விடியக் காலமை போய் வெயிலுக்க நிண்டம். ஏற்கெனவே பதிஞ்ச அதே விபரம்தான்.

ஆனா குண்டு வெடிச்சதுதானே? சோதிக்காமல் அரசாங்கம் என்ன செய்யிறது?

இந்தக் கேள்வியைக் கேக்கிற பிள்ளையளோட நான் கோவிக்கிறேல்ல. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டில ஏறக்குறைய 90 பேர் செத்தவை, அதே வருசம் ஜூலையில தெஹிவளையில ரெயினுக்க 60க்கு மேல. வேலைக்குப் போன சனம். நானும் அதே லைனில ரெயினில போய் வந்தனான், சீற்றுக்குக் கீழ பை கிடக்கோ எண்டு குனிஞ்சு பாத்து இருந்தனான், குண்டுக்கு ஐசி பாக்கத் தெரியாது. பையைச் சோதிக்க வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எல்லாற்ர பையையும் திறந்து பார், எங்கட பையையும் பார்.

பையைத் திறக்காமலே பேரைப் பாத்து ஒதுக்கினதைத்தான் சொல்லுறன். அதில பாதுகாப்பும் கூடேல்ல எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கட ஒழுங்கையில சந்தேகமா ஆரையும் கண்டா பொலிஸுக்குச் சொல்ல ஒரு தமிழ்ச் சனமும் தயாரா இல்லை, ஏன் எண்டா சொல்லப் போன ஆளையே "கம கொஹேத" எண்டு கேட்டு இருத்தி வச்சிடுவினம் எண்ட பயம். தண்ணி பில் பிரச்சினையா, களவு போனதா, ஒண்டுக்கும் ஸ்டேசன் வாசல் மிதிக்கேல்ல நாங்கள்.

நெத்திப் பொட்டை அழிச்சுப் போட்டுப் போனதெண்டு சொல்லுவீங்களே?

எல்லாரும் செய்யேல்ல. நான் செய்தனான். பஸ் ஹோல்ட்டில இறங்க முந்தி விரலால துடைச்சிட்டு ஒபிசுக்க போய்த் திரும்ப வைப்பன். அம்மாவுக்கு அது ஏலாது, அவ பெரிய குங்குமத்தோட தாலிக்கொடி தெரியத்தான் வருவா, பஸ்ஸுக்க தமிழில சத்தமா கதைப்பா, நான் "மெல்லமா, மெல்லமா" எண்டு கையைப் பிடிச்சு அமத்துவன். பெத்த தாயை அவவின்ர பாசை கதைக்காதேங்கோ எண்டு சொன்னது எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்க கிடக்கு. அதைச் செய்யச் சொல்லி ஆமிக்காரர் சொல்லேல்ல, நானாத்தான் செய்தது.

பொம்பிளையளைச் சோதிக்கிறது பொம்பிளைதான் செய்யோணும் எண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில இருக்கு. பெரிய செக்பொயின்டுகளில திரை போட்டு அப்பிடித்தான் நடந்தது. சின்ன இடங்களில பொம்பிளைப் பொலிஸ் வருமட்டும் நிக்க வைப்பினம்.

மலையக ஆக்களுக்கும் இதே கரைச்சலோ? அவைக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனா எங்களை விடவும் கஸ்டப்பட்டவை எண்டு சொல்லுவன். புறக்கோட்டைக் கடையள், ஹோட்டலுகள், வீட்டு வேலை எண்டு தோட்டங்களில இருந்து வந்த பிள்ளையள் நிறையப் பேர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில பறிச்ச உரிமை முழுசாத் திரும்ப 2003 வரைக்கும் இழுபட்டது, அதால கன பேரிட்ட ஐசியும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் ஒழுங்கா இல்லை. என்னட்டக் காட்ட ஒரு துண்டாவது இருந்தது. நான் சாப்பிடப் போற கடையில தேத்தண்ணி ஊத்தின பொடியன், 17 வயசிருக்கும், ரெண்டு மாசத்தில மூண்டு தரம் பிடிபட்டு முதலாளி போய் எடுத்து விட்டவர், நாலாந்தரம் வேலையை விட்டிட்டு தோட்டத்துக்கே போயிட்டான்.

சிங்கள ஆக்கள் எல்லாரும் சும்மா பாத்துக் கொண்டோ இருந்தவை?

இல்லை. என்னோட வேலை செய்த அக்கா ஒருத்தி, அவவின்ர வீடு வேற பக்கம், ஆனா ஆறு மாசம் நான் இறங்கிற ஹோல்ட்டிலயே இறங்கி என்னோட செக்பொயின்டைத் தாண்டி நடந்து விட்டிட்டு அடுத்த பஸ் எடுத்துப் போனவ. கேட்டா "எனக்கும் நடக்க விருப்பம்" எண்டுவா. தம்பியைப் பிடிச்ச அண்டைக்கும் ஸ்டேசனுக்கு வந்தது அவதான், அவ சிங்களத்தில கதைக்கேக்க அங்க இருந்த ஆக்களின்ர குரலே மாறினதை நான் கேட்டனான்.

2019க்குப் பிறகு முஸ்லிம் ஆக்களுக்கு நடந்ததும் இதுதானோ?

அதேதான், வேகம் கூட. ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலில செத்தது 250க்கும் மேல, அதில தமிழ்ச் சனம் நிறைய. கோவம் நியாயம். ஆனா அதுக்குப் பிறகு ஹபாயா போட்ட பொம்பிளையளை ஆசுப்பத்திரி வாசலில மறிச்சது, வீட்டில குர்ஆன் சீடி இருந்ததுக்குப் பிடிச்சது, கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டையைத் தர்மச் சக்கரம் எண்டு சொல்லி ஹசலகவில ஒரு பொம்பிளையைக் கைது செய்தது. இதெல்லாம் கேக்கேக்க எனக்குப் பழைய பஸ் யன்னல்தான் ஞாபகம் வந்தது. எங்கட ஆக்களிலயும் சில பேர் அந்தக் கிழமையளில அவையை அதே பார்வை பாத்தவை, எனக்குத் தெரிஞ்ச வீடுகளிலயே. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இப்ப ஆரும் மறிச்சா என்ன செய்யிறது?

அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில முடிஞ்சது, பிறகும் இடைக்கிடை கொண்டந்தவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் வேற, 1979இல தற்காலிகம் எண்டு வந்து 1982இல நிரந்தரமாக்கினது, 2022 திருத்தத்தில தடுத்து வைக்கிற உச்சக் காலத்தை 18 மாசத்தில இருந்து 12 ஆக்கினவை. நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது இவ்வளவுதான்.

ஐசியைக் காட்டுங்கோ, வாக்குவாதப்படாதேங்கோ. கைது எண்டா காரணத்தைக் கேளுங்கோ, அதைச் சொல்லோணும் எண்டது அரசியலமைப்பு 13(1). சாதாரணக் கைது எண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானிட்டக் கொண்டுபோகோணும், பயங்கரவாதத் தடைச் சட்டம் எண்டா 72. அந்தச் சட்டத்தில பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கோணும், நீங்களும் 1996 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. எந்த ஸ்டேசன், ஆர் கூட்டிக் கொண்டு போனது, எத்தினை மணி, வாகன நம்பர், இதை உடன எழுதி வையுங்கோ, பதட்டத்தில ரெண்டு மணித்தியாலத்தில மறந்திடும். அடிப்படை உரிமை மனு போடுறதெண்டா ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போடோணும், யோசிச்சுக் கொண்டிருந்தா நாள் போயிடும், கெதியா ஒரு லோயரைப் பிடியுங்கோ. விளங்காத மொழியில எழுதின ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ, தமிழில எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ, ஒருக்காக் கேட்டு இல்லை எண்டாலும் ரெண்டாந்தரமும் கேளுங்கோ.

அந்தப் பதிவுத் துண்டுகள் இன்னும் இருக்கோ?

இருக்கு. பிளாஸ்டிக் கவருக்க 14 துண்டு. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு செலோடேப் ஒட்டினது, சீல் மை மங்கி வருது. "வந்த காரணம்" எண்ட இடத்தில என்ர துண்டுகளில படிப்பு, பிறகு வேலை, வேலை, வேலை. அம்மான்ர துண்டில வீட்டுக்கார ஐயா சிங்களத்தில என்னவோ எழுதியிருந்தவர், நாங்கள் அப்ப வாசிச்சுப் பாக்கேல்ல. போன வருசம்தான் எழுத்துக் கூட்டி வாசிச்சனான். மகளைப் பாக்க, எண்டு எழுதியிருக்கு.

உங்கட வீடுகளிலயும் இப்பிடித் துண்டுகள் கிடந்தா எறியாதேங்கோ, வடிவா வெளிச்சத்தில வச்சுப் போட்டோ எடுத்து வையுங்கோ, ரெண்டு பக்கமும்.